வளராத இடைவெளி

வளர வேண்டியது ஏன் வளரவில்லை?

கோதைக்கு அந்த எண்ணம் வந்தபோது, தொலைபேசியின் மறுமுனையில் நாத்தனார் சுலோச்சனா கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, லைன்ல இருக்கறீங்களா? ஹலோ? ஹலோ!"

ஐந்து பதினாறு எண்பது என்று மனதுக்குள் முடித்துவிட்டுத்தான் கோதை வாயைத் திறந்தாள்.

"இருக்கேன் சுலோ. போன வருஷம் சீமந்தத்துக்குச் சமைச்சவர் பேர்தானே? ரங்கநாதன். காந்திபுரத்துக்காரர்."

"அட, இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. போனு செத்துப்போச்சோன்னு நினைச்சேன்."

சுலோச்சனா வைத்துவிட்டாள். கோதை சமையலறை மேடையில் சாய்ந்தபடி நின்றாள். ஐந்து. இன்றைக்கும் ஐந்துதான். நேற்றும் ஐந்து. ஆறாவது வரிக்கு நாக்கு தயாராகக் காத்திருக்கிறது, ஆனால் அதற்கு வேலையே வருவதில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால், நல்லதுதானே, விடு என்பார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மீண்டன. நினைவு மீளவில்லை. உள்ளே எல்லாம் இருந்தன. அவற்றிடம் போகும் வழிதான் அடைபட்டுவிட்டது. வலது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒன்றைப் பொருத்தினார்கள். நினைவுத்துணை என்பது அதன் முழுப்பெயர். வீட்டில் 'துணை'. "உனக்கு ரெண்டு துணை, எனக்கு ஒண்ணுதான்" என்று கணவர் முருகானந்தம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அது செய்யும் வேலை எளிமையானது. அவள் ஒரு முகத்தைப் பார்த்தாலோ ஒரு சொல்லைக் கேட்டாலோ, கிடங்கில் உள்ள ஒவ்வொரு நினைவையும் எடுத்து அதனோடு ஒப்பிடும். பொருந்துவதைக் கிடைக்கும் வரிசையில் அவள் முன் வைக்கும். புதிதாக நடப்பதைக் கிடங்கில் சேர்க்கும். நேற்றைப் போலவே இருக்கும் இன்றைச் சேர்க்காது. முதல் வருடம் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இடைவெளியே தெரியவில்லை. பிறகு கிடங்கு பெருகியது, தேடும் நேரமும் கூடவே பெருகியது.

அந்த இடைவெளியில் எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பது கடினம். முதலில் பொறுமை இருக்கும், அடுத்து பரிதாபம் வரும், அதற்கும் அடுத்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதனால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கற்றுக்கொண்டாள். துடைத்தபடி மனதுக்குள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்வாள். பதினைந்தாம் வாய்ப்பாடு ரொம்பச் சுலபம், பதினேழு தடுக்கும். இரண்டு பொங்கலுக்கு முன்னால் நாலாவது வரியில் விடை வந்துவிடும். போன பொங்கலுக்கு ஐந்தாவது வரி. வருடத்துக்கு ஒரு வரி. இப்போது அடுத்த பொங்கல் வந்து கதவைத் தட்டுகிறது. ஆறின் முனையையாவது தொட்டிருக்க வேண்டும்.

கோதை பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்தவள். கற்றவை கையிலேயே இருந்தன. எதிரில் உட்கார்ந்து கேட்ட முகங்களைக் கொண்டுவரத்தான் துணை வேண்டும். சமீபத்தில் அதுவும் யாரையும் கொண்டுவரவில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது சின்னக் கேள்வி. உள்ளே போவது பெருகப் பெருக நேரம் எப்படிப் பெருகும் என்பதுதான் பெரிய கேள்வி. வருடத்துக்கு ஒரு வரி என்றால் நேர்கோடு. நேர்கோடு திடீரென்று படுத்துவிட்டால் அதற்கு இரண்டே காரணங்கள் இருக்க முடியும். தேடும் முறை மாறியிருக்க வேண்டும். அல்லது, உள்ளே புதிதாக எதுவும் சேராமல் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் அவளை அடுப்படியிலேயே உட்கார வைத்தது. காலையில் இட்லி, பதினொரு மணிக்குக் காபி, மாலையில் குடியிருப்பைச் சுற்றி நடை. இந்த ஒரு வருடத்தில் சேமிக்கும்படி ஒன்றுமே நடக்கவில்லையா? தன் வாழ்க்கை வளர்வதை நிறுத்திவிட்டதை ஒருத்தி இப்படியா தெரிந்துகொள்வாள்?

பயம் வந்த வேகத்திலேயே ஓர் ஆர்வமும் வந்தது. சோதித்துப் பார்க்கலாமே. கிடங்கைப் பெருக்கினால் தெரிந்துவிடும்.

மறுநாள் வடவள்ளியில் கண்ணில் பட்ட முதல் பேருந்தில் ஏறி, அது நிற்கும் இடம்வரை போனாள். பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கைபேசியில் மலையாள எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தாள். பூ மார்க்கெட்டில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சரம் கட்டக் கேட்டுக்கொண்டாள். மாவுமில்லில் நின்று நாலு பேரின் குடும்பக் கதைகளைக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப் போல் இல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

"எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா கோதை?" என்றார் முருகானந்தம். "ஊருல ஒரு தெரு பாக்கி வெக்கல போல."

"ஓட்டுப் போடுவீங்களா?"

"சின்னம் என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

பம்ப்செட் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருப்பவர். பேச்சில் தோற்றதில்லை. அவருடைய சக ஊழியர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, வழக்கமாகத் தவிர்க்கிற அவள், தானே முன்வந்து கிளம்பினாள். தெரியாத நூறு முகங்கள் கிடைக்குமே.

மண்டபத்தில் யாரோ ஒரு பெண் அவள் கையில் மரிக்கொழுந்தைத் திணித்தாள். கோதை முகர்ந்தாள். வாய்ப்பாட்டின் ஐந்து வரிகள் ஓடின. மணம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. ஒரு மணத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மனம் லேசாக இருந்தது. கொஞ்ச நாளாகவே அது லேசாகத்தான் இருக்கிறது. அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வாசலில் செருப்புகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. முருகானந்தம் ஒற்றைக் காலில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுக்கு ஒரு கணக்கு இருக்குங்க" என்றாள் கோதை.

"செருப்புக்குமா?"

"ஒருத்தர் தேடினா, குவியல் ரெண்டு மடங்கானா நேரமும் ரெண்டு மடங்கு. ஆனா வந்தவங்க எல்லாருமே இப்படி ஒவ்வொண்ணாப் புரட்டித் தேடினா? ஆளும் ரெண்டு மடங்கு, செருப்பும் ரெண்டு மடங்கு. எல்லாரும் பண்ற வேலையைச் சேத்துப் பாத்தா நாலு மடங்கு. அளவு வாரியா அடுக்கி வெச்சிருந்தா பாதிப் பாதியாத் தள்ளிட்டே போகலாம், குவியல் ரெண்டு மடங்கானாலும் ஒரே ஒரு தடவைதான் கூடப் பாக்கணும். டோக்கன் குடுத்திருந்தாங்கன்னா கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஒரே நேரம். காலேஜ்ல நாங்க இங்கிலீஷ்ல பெரிய ஓ ஒண்ணு போட்டு இதைத்தான் எழுதுவோம். எத்தனை நிமிஷம்னு எழுத மாட்டோம். எப்படி வளருதுன்னுதான் எழுதுவோம்."

"இதுக்கா உனக்குச் சம்பளம் குடுத்தாங்க?" முருகானந்தம் சிரித்தார். "நான் ஒரு வழி சொல்லட்டா? மேலாப்பல கெடக்கறதுல கால் அளவுக்கு ஒண்ண மாட்டிட்டுப் போயிட்டே இருக்கணும். அதுதான் வேகம்."

"அது உங்க செருப்பா இருக்காதே."

"காலுக்குச் சேந்தாச் சரி."

சிரித்துக்கொண்டே சொன்னவர், சட்டென்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து மறுபடி தேட ஆரம்பித்தார். அந்தப் பார்வை கோதைக்குப் புரியவில்லை.

மூன்று வாரங்கள் இப்படிப் போயின. அந்த ஒரு வருடத்தின் மிச்ச நாள்கள் எல்லாவற்றையும்விட அந்த மூன்று வாரங்களில் சேர்ந்தது அதிகம். இடைவெளி மட்டும் ஐந்தாவது வரியிலேயே நின்றது, தைத்து வைத்தது போல.

அப்படியானால் வாழ்க்கை நிற்கவில்லை. அந்த நிம்மதி ஒரு மிடறு தண்ணீர் போல உள்ளே இறங்கியது. அதன் பின்னாலேயே மற்றக் காரணம் எழுந்து நின்றது.

நினைவு மையத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். துணையைப் பராமரிக்கும் பொறியாளர் நஸ்ரீன், முப்பதைத் தாண்டாத பெண், மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள்.

"வாங்க மேடம். சார் வரலையா? அடுத்த வாரந்தானே உங்களை வரச் சொல்லியிருந்தோம்?"

"அடுத்த வாரம் வரச் சொன்னது எனக்குத் தெரியாதே."

நஸ்ரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்மா" என்றாள் கோதை. "போன பொங்கல்வரைக்கும் தேடற நேரம் நேர்கோடா வளர்ந்துச்சு. அதுக்கப்புறம் வளரவே இல்ல. கிடங்கைப் பெருக்கியும் பாத்துட்டேன். கூட்டம் எவ்வளவு வந்தாலும் ஒரே நேரம்னா, யாரோ டோக்கன் குடுத்திருக்கணும். இல்லாட்டி மேலாப்பல கெடக்கறதை மட்டும் தேடறாங்க. எது?"

நஸ்ரீன் திரையில் எதையோ சரிபார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேலாப்பலதான் மேடம். கடைசி ரெண்டு வருஷத்தை மட்டும் பாக்கும். அதுக்கு முந்தினது எல்லாம் உள்ளேதான் இருக்கு. ஆனா தேடறதில்ல."

"அப்படீன்னா விடை இன்னும் சீக்கிரம் வரணுமே. ரெண்டு வரியில வந்திருக்கணும்."

"வரும். ஆனா திடீர்னு வேகமாயிட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு, பழைய இடைவெளி மாதிரியே தெரியறதுக்கு ஒரு காத்திருப்பைச் சேத்தாங்க." தயங்கினாள். "அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சோ, அதே நம்பரை எழுதிட்டாங்க."

கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "வளர்ற மாதிரி எழுதியிருக்கணும்மா. முதல் வருஷத்துப் பிள்ளைங்க பண்ற தப்பு. நான்னா மார்க்கே போட்டிருக்க மாட்டேன்."

"எழுதினவரைப் பாத்தாச் சொல்றேன் மேடம்." நஸ்ரீனும் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

"யார் கையெழுத்துப் போட்டது?"

அந்தக் கேள்விக்கு விடை தேவையே இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை யாரிடம் இருக்கும் என்பது தெரிந்ததுதான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்டயே நேரடியாக் கேட்டோம்" என்றாள் நஸ்ரீன் மெதுவாக. "வேண்டாம்னுட்டீங்க. போன தைல சார் வந்து, ஒரு வருஷம் சோதனையா வெச்சுப் பாக்கலாம்னு கேட்டாரு. மாசாமாசம் ஃபோன் பண்ணி, நீங்க நல்லா இருக்கறதாச் சொன்னாரு. தூங்கறீங்க, சிரிக்கறீங்கன்னு. அடுத்த வாரத்தோட சோதனை முடியுது. நிரந்தரம் ஆக்கணும்னா பழைய கிடங்கை அழிக்கணும். அதுக்கு அவர் கையெழுத்து போதாது. உங்க விரல் ரேகை வேணும்."

வேண்டாம் என்று தான் சொன்னதே கோதைக்குத் தெரியவில்லை. சொன்னவள் எப்படி இருந்தாள்? கோபமாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா? தன் முடிவைப் பற்றி இன்னொருத்தி சொல்லக் கேட்பது, அடுத்த வீட்டுச் சேதியைக் கேட்பது போல இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய கோதையும் அந்தக் குவியலின் அடியில்தான் எங்கோ கிடக்கிறாள்.

"சாரை வரச் சொல்றேன் மேடம். அதுவரைக்கும்..." நஸ்ரீன் விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். "பழையபடி முழுசாத் தேடற மாதிரி மாத்தி விடறேன். முடிவெடுக்கறது நீங்க. முழுசா இருந்து எடுங்க."

முருகானந்தம் அலுவலகச் சட்டையோடு, வியர்வையோடு வந்தார். நஸ்ரீனைப் பார்த்தார், விரல் ரேகைக்காக மேசைமேல் வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. பேச்சில் தோற்காதவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோதைதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டேன். வேண்டாம்னே." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இப்பச் சண்டை வேண்டாம் கோதை. உனக்கு முகமே சரியில்ல. வீட்டுக்குப் போலாம், நீ போய்ப் படு."

போய்ப் படு.

துணை தேட ஆரம்பித்தது. கோதை கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு பதினாறு பதினாறு. எண்பதைத் தாண்டி வாய்ப்பாடு ஓடியது. தொண்ணூற்றாறு என்று முடியும் நேரத்தில், ஒரு வருடமாக வராதது வந்தது.

சமையலறை வாசல். இடது கை கனக்கிறது என்கிறாள் அவள். முருகானந்தம் சாவியைத் தேடிக்கொண்டே, "ரெண்டு வாரமா இதையேதான் சொல்றே, போய்ப் படு" என்கிறார். கதவைச் சாத்துகிறார். அவள் தரையில் சாய்கிறாள்.

அவள் முகம் மாறியது. மாறுவது அவளுக்கே தெரிந்தது. முருகானந்தம் அதைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

எட்டிப் பிடித்த அவள் கைக்குச் சட்டையின் நுனிதான் கிடைத்தது.

"திரும்புங்க. இன்னும் முடியல."

"என்ன முடியல?" அவர் பாதிதான் திரும்பினார். "இந்த முகத்தைத்தான் கோதை என்னால பாக்க முடியல. வேலைக்குக் கெளம்பறப்ப வாய் தவறி அந்தப் 'போய்ப் படு'வைச் சொல்லிடறேன். நீ கண்ணாடியைக் கழட்டுவே. அப்புறம் இந்த முகம். அஞ்சு வருஷம் இப்படித்தான். இந்த ஒரு வருஷந்தான் நீ எதுவும் ஆகாம, சரிங்கன்னு டிபன் பாக்ஸை எடுத்துக் குடுத்தே. அது உனக்கும் நல்லதுன்னுதான் நினைச்சேன்."

"தேடறது கிடைக்கற வரிசையிலதான் வரும். முதல்ல இது வரும். நீங்க உடனே போயிடுவீங்க. அடுத்தது என்ன வரும்னு ஒரு நாளாவது நின்னு பாத்தீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க பாதி வழியிலயே திரும்பி வந்துட்டீங்க. என்னைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கினீங்க. வெளிய சித்திரை வெயில். ஆட்டோ தெருமுனையிலதான் நின்னுச்சு. நான் உங்க தோள் மேல கெடந்து கீழ பாத்துட்டே வந்தேன். ஒரு காலுல செருப்பு இல்ல. எங்கயோ விட்டுட்டீங்க. தார் ரோட்டுல அந்தக் காலை வெக்கறப்பவெல்லாம் உடம்பு குலுங்குச்சு. ஆனா நிக்கல." கோதை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "முதல் முகம் மாறின பின்னால இது வரும். ஒவ்வொரு தடவையும். அப்ப நீங்க ரூமுல இருக்க மாட்டீங்க. வண்டி கெளம்பற சத்தந்தான் இருக்கும்."

முருகானந்தம் உட்கார்ந்தார். தன் காலைப் பார்த்தார், அதில் இன்னும் கொப்புளம் இருப்பது போல.

"உனக்கு அது ஞாபகம் இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

நஸ்ரீன் ஜன்னல் திரையைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

முருகானந்தம் நிமிர்ந்தார். குரலில் விற்பனைத் தொனி இல்லை. "எல்லாம் சரி. ஆனா இது வளர்ந்துட்டேதானே போகும்? பத்து வருஷம் போகட்டும், இருவது வருஷம் போகட்டும். நான் ஒண்ணு கேட்டுட்டு, நீ பதில் சொல்றவரைக்கும் உக்காந்தே இருக்கணும். சுலோச்சனா ஃபோனை வெச்சுட்டே போயிடுவா."

"வளரும். எப்படி வளருதுன்னுதான் பாக்கணும். வருஷா வருஷம் ரெண்டு மடங்கானாப் பயப்படணும். கொஞ்ச வருஷத்துல ஒரு கேள்விக்கு ஒரு நாள் ஆயிடும், அப்புறம் ஆயுசே போதாது. இது வருஷத்துக்கு ஒரு வரி. நடக்கற வேகம். கூடவே நடக்கலாம்."

"யார் நடக்கறது?"

"இஷ்டப்பட்டவங்க."

அவர் டேப்லெட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். திரையில் விரல் வைக்க ஒரு வட்டம் ஒளிர்ந்தது. "கோதை, இந்த ஒரு வருஷம் நீ எப்படிச் சிரிச்சேன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தச் செருப்புக் கதையை நான் ஞாபகம் வெச்சுக்கறேன். உனக்குப் பதிலா நானே வெச்சுக்கறேன். நீ இதுல விரலை வெச்சுடு. எனக்காக."

அவர் பொய் சொல்லவில்லை. இந்த வருடம் அவள் சிரித்திருந்தாள். நன்றாகத் தூங்கியிருந்தாள். மரிக்கொழுந்து வெறும் மரிக்கொழுந்தாக இருந்த நாள்கள் அவை. அவற்றில் வலி இல்லை, அதையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். விரலை வைத்தால் நாளைக் காலையில் இந்த மனிதர் நிம்மதியாக வேலைக்குப் போவார்.

கோதை டேப்லெட்டை எடுத்தாள். திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"வேண்டாமுங்க" என்றாள். பிறகு நஸ்ரீனிடம், "ஏம்மா, இங்க டீ கிடைக்குமா?"

நஸ்ரீன் திரும்பினாள். முருகானந்தத்தைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி ஏதோ ஓடியது.

"என்ன?" என்றாள் கோதை.

"அன்னைக்கும் இதேதான் மேடம்" என்றாள் நஸ்ரீன். "மூணு வருஷம் முன்னாடி. இதே மேசை. கவுத்து வெச்சுட்டு டீ கேட்டீங்க. காரணம் கூடச் சொல்லல."

கோதைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வாய்ப்பாடு மூன்றாவது வரியில் இருந்தது. துணை எங்கோ பழைய நாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அது அந்த நாளைக் கண்டெடுப்பதற்கு முன்பே அவள் கை டேப்லெட்டைக் கவிழ்த்துவிட்டது. கையிடம் யாரும் எதையும் எடுத்துக் கொடுத்திருக்கவில்லை.

நாலு. ஐந்து. முருகானந்தம் எதிரில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை. ஆறாவது வரியின் முடிவில் அந்த நாள் வந்து சேர்ந்தது. இதே மேசை, கவிழ்ந்த டேப்லெட், ஏலக்காய் மணத்த டீ.

"ஆமா" என்றாள் கோதை. "சர்க்கரை ஜாஸ்தியா இருந்துச்சு. இன்னைக்குக் கம்மியாப் போடச் சொல்லும்மா."

கவிழ்த்து வைத்ததை அவள் நிமிர்த்தவில்லை.